இருபத்தொரு நாள் விக்கல்

பேருந்து நிலையத்தில் எல்லோரும் அவரை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எப்போது கிளம்புகிறது என்று பத்தொன்பது வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவர். அறிவிப்பு அறை ஆறடிக்கு எட்டடி. ஒரு மேசை, தலையில் பஞ்சு பிய்ந்துபோன மைக், பச்சை விளக்கு எரியும் ஒரு பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு கண்ணாடி. பக்கத்துக் கண்ணாடிக்கு அப்புறம் டைம்கீப்பர் உட்கார்ந்திருப்பான். வண்டி உள்ளே நுழைந்ததும் அவன் துண்டுச் சீட்டில் எழுதி இடுக்கு வழியாகத் தள்ளுவான். இவர் வாசிப்பார்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். அதைக் கேட்டு மயங்கி, ஆள் எப்படி இருப்பாரோ என்று எட்டிப்பார்க்க வந்தவர்கள் ஏமாந்துதான் திரும்பியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது வழுக்கை விழுந்த, சட்டை தொளதொளக்கும் ஐம்பது வயது மனிதர். இன்னும் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. அதை அனுபவித்தவள் அவருடைய மனைவி. ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிதர் வாயில் கொழுக்கட்டைதான். எதைக் கேட்டாலும் ஒரே பதில், "பார்க்கலாம்." கூரை ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். பல்லை டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமா என்றால் பார்க்கலாம். பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். ஆறு வருடத்துக்கு முன் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. நான்கு மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊர். அந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் அறிவிப்பாளர் வேலை காலியாக இருந்தது. அவளே விண்ணப்பப் படிவம் வாங்கிவந்து மேசையில் வைத்தாள். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் பார்க்கலாம் என்றார். நான்காவது முறை கேட்காமல் பெட்டியைக் கட்டினாள்.

"எந்த வண்டி எப்பக் கிளம்பும்னு ஊருக்கே சொல்றீங்க. நான் எப்பக் கிளம்புவேன்னு மட்டும் உங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் வாசலில் நின்று. சண்டை என்று பார்த்தால் அவ்வளவுதான். அவள் ஏறிய வண்டியை அன்றைக்கு அறிவித்ததும் அவர்தான். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதற்காகப் பிறகு அவர் தன்னையே எத்தனை முறை திட்டிக்கொண்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

கோர்ட்டு, கச்சேரி ஒன்றும் இல்லை. வருடங்கள் மட்டும் போயின. அந்த ஊர் வண்டி தினமும் மாலை நான்கு நாற்பதுக்கு மூன்றாவது நடைமேடைக்கு வரும். அறிவித்துவிட்டு, அந்த வண்டியின் கதவைக் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற வண்டிகளுக்கு இந்த மரியாதை கிடையாது. டைம்கீப்பருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி சீட்டு எழுதிக்கொண்டிருப்பான்.

விக்கல் ஒரு திங்கள்கிழமை காலையில் ஆரம்பித்தது. "ஐந்தாவது நடைமேடையில்" என்று தொடங்கி 'டை'யில் ஒரு விக்கல். பேருந்து நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. காத்திருந்தவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். தண்ணீர் குடித்தார். மூச்சை அடக்கினார். சர்க்கரையை நாக்கில் வைத்துக்கொண்டார். ஒன்றுக்கும் மசியவில்லை.

"யாரோ நினைக்கிறாங்கண்ணே" என்றான் டைம்கீப்பர் இடுக்கு வழியாக. "ஒவ்வொருத்தர் பேரா சொல்லிப் பாருங்க. சரியான ஆள் பேரைச் சொன்னதும் டக்குனு நின்னுடும்."

விக்கல் எடுத்தால் நாம் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் இது. சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அவர் மறக்கவில்லை. அன்றைக்கு முழுக்க வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். செத்துப்போன சித்தப்பா பெயர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் பெயர், பத்து வருடத்துக்கு முன் குடியிருந்த வீட்டுக்காரர் பெயர். நிற்கவில்லை. ஒரு பெயரை மட்டும் அவர் சொல்லவேயில்லை. சொல்லி, நின்றுவிட்டால்?

ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் தன்னை நினைக்கிறாள் என்று தோன்றியது. அதுவும் சாதாரண நினைப்பு இல்லை, நிமிடத்துக்கு எட்டு முறை. அதை நிறுத்த அவர் என்ன பைத்தியமா? தொண்டை வலித்தது, விலா வலித்தது, சாப்பிட்டது தங்கவில்லை. இருந்தாலும் மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம். சவரம் செய்துகொண்டு வேலைக்கு வந்தார். நாலு நாற்பது வண்டி வரும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள் டைம்கீப்பர் நச்சரிப்பு தாங்காமல் ஒரு வயிற்று டாக்டரிடம் போனார். அவர் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, உள்ளே எல்லாம் பளபளவென்று இருப்பதாகப் பாராட்டி, மாத்திரை கொடுத்து அனுப்பினார். மைக் மாத்திரையை அறிவிப்பு அறை மேசை இழுப்பறையில் போட்டார். அங்கே ஏற்கெனவே, வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட அந்த விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்யாமல் ஆறு வருடமாகக் கிடந்தது. அதற்குத் துணையாயிற்று.

இரண்டாவது வாரத்தில் வாந்தி அதிகமானது. குடித்த தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. பதினேழாம் நாள் எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. பதினெட்டாம் நாள் காலை, விக்கலுக்கும் தலைச்சுற்றலுக்கும் நடுவில், இரண்டாவது நடைமேடை என்று எழுதியிருந்ததை ஏழாவது என்று வாசித்தார். மகளின் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் மூட்டை முடிச்சோடு ஏழாவதில் நின்ற வண்டியில் ஏறிவிட்டார்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் நடத்துநர் போன் செய்து சொன்னார். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அவர் மைக்கை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டைம்கீப்பர் சீட்டுக் கட்டை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தான். "எந்திரிங்கண்ணே. அண்ணி நினைச்சது போதும்" என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினான்.

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நரம்பு டாக்டர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், குள்ளமான பெண்மணி. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாக மூக்குக் கண்ணாடி தொங்கியது. வயிற்று டாக்டரின் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். பேனாவை அசைத்து அதன் பின்னால் கண்ணை ஓடவிடச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார். ஆ சொல்லச் சொல்லி உள்நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். தரையில் ஓடுகள் சேரும் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் அவர் சரிந்தபோது டைம்கீப்பர் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு நாளுக்கு மேல விக்கல் நிக்கலைன்னாலே வந்திருக்கணும். பதினெட்டு நாள் என்ன பண்ணீங்க?"

பதிலுக்கு ஒரு விக்கல்தான் வந்தது. டைம்கீப்பருக்கு நாக்கு நிற்குமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைக்குப் பின்னாடி, கழுத்து ஆரம்பிக்கிற இடத்துல மூளைக்கு ஒரு தண்டு இருக்குங்க. மூச்சு, முழுங்குறது, வாந்தி, விக்கல் எல்லாத்துக்கும் அங்கதான் சுவிட்சு. அதுல ஒரு மூலையில வீக்கம் வந்தா இப்படித்தான் நிக்காம விக்கும். எல்லாரும் வயித்தையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. ரொம்ப அபூர்வமான வியாதி ஒண்ணு இப்படி ஆரம்பிக்கும். அதுதானான்னு தெரியணும். இதுக்கு முன்னாடி, எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்ல, கண்ணு மங்கினது, கை கால் மரத்துப்போனது, ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார். பிறகு ஒரு நிமிடம் கழித்து, "கண்ணு ஒரு தடவை" என்றார்.

"எந்தக் கண்ணு?"

யோசித்தார். எட்டு வருடம் இருக்கும். சீட்டு எழுத்து கண்ணாடி வழியாகக் கலங்கித் தெரிந்தது நினைவிருந்தது. அவள் இழுத்துக்கொண்டு போனதும் நினைவிருந்தது. வலதா இடதா என்று மட்டும் வரவில்லை.

"என்ன மருந்து குடுத்தாங்க? ஊசியா, மாத்திரையா? ஸ்கேன் எடுத்தாங்களா?"

"எல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்."

"அவங்க பேரு?" டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பதினெட்டு நாளாகப் பத்திரமாகப் பொத்தி வைத்த பெயர். வேறு வழியில்லை, சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். டைம்கீப்பரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து வினாடி போனது, ஆறு போனது. ஏழாவது வினாடியில் விக்கல் வந்தது. அவள் இல்லை. அவள் நினைக்கவேயில்லை. எல்லாம் ஒரு வீக்கம்.

"அவங்களுக்குப் போன் போடுங்க" என்றார் டாக்டர். "இப்பவே."

ஆறு வருடத்தில் தொடாத எண். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"நான்தான்" என்றார்.

"தெரியுது."

விக்கல்.

"தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க."

"தண்ணிக்கு நிக்கலை. பதினெட்டு நாளாச்சு. ஆஸ்பத்திரியில இருக்கேன்." நிறுத்தினார். "எனக்குக் கண்ணு மங்குச்சே, அது எந்தக் கண்ணு?"

"இடது" என்றாள், கேட்டு முடிப்பதற்குள். "டாக்டர் பக்கத்துல இருக்காங்களா? போனை அவங்ககிட்டக் குடுங்க."

டாக்டர் ஒலிபெருக்கியில் போட்டார். அவள் படபடவென்று சொன்னாள். எட்டு வருடம் முன்பு, மழை முடிந்த மாதம். கண்ணை அசைத்தால் வலி. சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. ஐந்து நாள் நரம்பில் ஊசி போட்டார்கள், பார்வை திரும்பியது. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. "சீட்டு எங்கிட்ட இருக்கு. அனுப்புறேன்."

சில நிமிடத்தில் படம் வந்தது. மடிப்பில் கிழிந்து பின்னால் ஒட்டுப்போட்ட கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. டாக்டரின் கிறுக்கலுக்குக் கீழே, வரைபடம் வரைகிறவளின் அச்சுப் போன்ற கையெழுத்தில் ஒரு வரி: 'ஸ்கேன் — கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.' டாக்டர் அதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் தடதடவென்ற சத்தத்தில் படுத்திருந்தவரிடம், விக்கல் வரும்போது தலை ஆடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அது அவர் கையிலா இருக்கிறது? மூன்று முறை திரும்ப எடுத்தார்கள். கடைசியில் மூளைத்தண்டின் அடிப்பகுதியில், பின்பக்கம், ஓர் அரிசி அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

"இந்த அரிசிதான்" என்று காட்டினார் டாக்டர். "உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பைத் தாக்குது. அன்னிக்கு கண்ணு நரம்பு, இன்னிக்கு இது. வெறும் விக்கல்னு விட்டிருந்தா அடுத்தது ரெண்டு காலும் போயிருக்கும், இல்ல மூச்சு நின்னிருக்கும். ரத்தத்தை அனுப்பியிருக்கேன். ரிசல்ட்டு வர பத்து நாளாகும், அதுக்குக் காத்திருக்கப் போறதில்ல. அந்தக் கண்ணுச் சீட்டு வந்ததால எனக்குச் சந்தேகம் இல்ல. இப்பவே ஊசியை ஆரம்பிக்கிறேன்."

அவள் வரவில்லை. தினமும் காலையில் டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். அவரிடம் பேசவில்லை. நர்ஸ்தான் வந்து சொல்லுவாள், "உங்க வீட்ல கூப்பிட்டாங்க" என்று. சொல்லும்போது மனிதர் தலையணையிலிருந்து எழுந்து உட்காருவார். "என்ன கேட்டா?" என்பார். "விக்கல் குறைஞ்சுதான்னு" என்பாள் நர்ஸ். பிறகு படுத்துக்கொள்வார்.

இருபத்தொன்றாம் நாள், மதியம் கஞ்சியைக் கரண்டியில் எடுத்தபோதுதான் கவனித்தார். விக்கல் இல்லை. காத்திருந்தார். வரவில்லை. கஞ்சி தங்கியது. ஊசி ஏற்றிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, விருந்தாளி போன வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். மாலையில் டைம்கீப்பர் வந்தபோது, "நின்னுடுச்சு" என்றார். அந்தக் குரலைக் கேட்டு அவன் ஒரு கணம் பயந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து ரத்த முடிவு வந்தது, டாக்டர் சொன்ன வியாதியேதான். ஆயுள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை யாராவது அவரைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். இவரை நம்பி விட முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாலை போன் வந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றாள். "ஏன் இவ்வளவு நாள் போகலைன்னு உங்க டைம்கீப்பரைக் கேட்டேன். உண்மையைச் சொல்லிட்டார்."

அவருக்குக் காது சூடானது.

"இனிமே விக்கல் வந்தா நான் நினைக்கிறேன்னு உக்காந்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. எனக்கும் சொல்லுங்க, அடுத்த வண்டியைப் பிடிச்சு வர்றேன். மத்தபடி, நான் நினைச்சா நானே போன் பண்றேன்."

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். மூன்றே கேள்வி. "விக்கல்?" "இல்ல." "கண்ணு?" "தெரியுது." "காலு?" "மரத்துப்போகலை." "சரி." அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்துக்காக அவர் ஞாயிறு காலை எட்டு மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் சட்டை தெரியாது என்று யார் போய் அவருக்குச் சொல்வது?

"ஒரே ஒரு விக்கல்னு சொல்லுங்கண்ணே" என்றான் டைம்கீப்பர் ஒரு நாள், சீட்டைத் தள்ளிக்கொண்டே. "சாயங்கால வண்டியில வந்து இறங்கிடுவாங்க. வந்ததுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் அவனைத் திட்டினார். ஆனால் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது. வாரம் முழுக்க ஒவ்வொரு நாலு நாற்பது வண்டிக்கும் அந்தக் கதவைப் பார்க்கும்போது ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்று தோன்றியது. ஆறு வருட ஏக்கம் ஒரு பொய்க்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பன்னிரண்டாவது ஞாயிறு. அடுத்த வாரத்தோடு டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிகிறது.

"விக்கல்?"

அவர் பேசவில்லை.

"விக்கல் இருக்கா? சொல்லுங்க." அவள் குரலில் பயம் வந்துவிட்டது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள் போலிருக்கிறது.

"இல்ல" என்றார்.

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

"இருக்குன்னு சொன்னா நீ வருவேன்னு யோசிச்சேன்." வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வந்த பிறகு நிற்கவும் இல்லை. "நீ வரணும்னு இருக்கு. ஆறு வருஷமா இருக்கு. தினம் அந்த வண்டி வரும்போது பார்க்கிறேன். ஆனா பொய் சொல்லிக் கூப்பிட வேண்டாம்னு தோணுச்சு. விக்கல் இல்ல. கண்ணு தெரியுது. காலும் நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி நகரும் சத்தம் கேட்டது. "சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. சலவைச் சட்டையோடு மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கழற்றி மாட்டினார். கணக்குக் கூட்டிப் பார்த்தார், மூன்று மாதம் முடிந்திருந்தது. டாக்டர் சொன்ன கெடு முடிந்தது, அவள் வேலையும் முடிந்தது. கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தார். பிறகு, கேட்டதே நல்லது என்றும் நினைத்தார். ஆறு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டும், அதுதான் விஷயம். திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது. வண்டிகள் வந்தன, போயின. அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை நாலு முப்பத்தெட்டு. டைம்கீப்பர் எழுதிய சீட்டு இடுக்கில் வந்து நின்றது. அந்த ஊர் வண்டி, மூன்றாவது நடைமேடை. அவர் மைக்கின் பொத்தானில் கை வைத்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. அவள். ஞாயிறு இல்லை, காலை பத்து மணியும் இல்லை.

எடுத்தார். பழக்கத்தில், "விக்கல் இல்ல" என்றார்.

"நான் அதைக் கேக்கக் கூப்பிடலை" என்றாள்.

அவருக்குப் புரிந்தது. நினைச்சா நானே போன் பண்றேன் என்று சொன்னாளே. கண் கலங்கியது. இரண்டு கண்ணும்தான். டைம்கீப்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீட்டைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினான். மூன்றாவது நடைமேடைக்குள் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து, மாத்திரைக்கு அடியில் மஞ்சளாகிப்போன அந்தப் படிவத்தை எடுத்தார்.

"அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புக்கு ஆள் இருக்கா?"

"இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "குரல்தான் சகிக்கலை" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் நாலு நாற்பது வண்டி அறிவிப்பு இல்லாமலே வந்து நின்றது. பயணிகள் தாங்களாகவே பார்த்து இறங்கிக்கொண்டார்கள். அவர் கதவைப் பார்க்கவில்லை.